ஜெயலெட்சுமி பட்டப்பகலில் படுத்துக்கொண்ட விவகாரம்

சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஆபீஸ் போகிற பெண்ணொருத்தி பட்டப்பகலில் வீடு திரும்பினால், ஒன்று அவளுக்கு வேலை போயிருக்க வேண்டும், இல்லை நாலு நம்பர் லாட்டரி அடித்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அதைக் குமுதா லிப்டுக்குள் வைத்துத்தான் சொல்வாள், அதுவும் கதவு மூடிய பிறகு.

ஜெயலெட்சுமி விஷயத்தில் மூன்றுமே பொருந்தித் தொலைக்கவில்லை. வேலை இருந்தது; காலையில் வழக்கம்போல மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கிளம்பினாள். நம்பர் அடித்தவள் முகத்தில் ஒரு களை இருக்குமே, அதுவும் இல்லை. மூன்றாவது காரணத்துக்கோ கதவைச் சாத்தியாக வேண்டும். இவள் கம்பிக் கதவை மட்டும் பூட்டிவிட்டு, மரக்கதவை ஆவென்று திறந்து போட்டு, கூடத்தின் நட்டநடுவில் வெறும் தரையில் காற்றாடிக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தாள். நடைபாதையில் போகிறவர் வருகிறவர் அத்தனை பேர் கண்ணிலும் படும்படி.

தூங்கியிருந்தாலாவது போகட்டும் என்று விட்டிருக்கலாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டல்லவா படுத்திருந்தாள்!

குமுதா பக்கத்து வீடு. விடியற்காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி விற்றுவிட்டு, மீதிப் பகலை மாடி நிர்வாகத்துக்கு ஒதுக்கியவள். சம்பளமில்லாத நிர்வாகம். அவள்தான் முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"எம்சியா? டாக்டர் லீவு எழுதிக் குடுத்தாரா?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான் லா, குமுதா. வெளிச்சத்த மறைக்கிற, கொஞ்சம் தள்ளிக்க."

குமுதா தள்ளிக்கொண்டாள். நேராக மூன்றாம் மாடிக்கு.

விஷயம் இதுதான். ஜெயலெட்சுமி வேலை பார்த்தது பீச் ஸ்திரீட்டுக்குப் பின்னால் இருந்த நூர் முகம்மதுவின் கம்பெனியில். கப்பலில் வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு. கேட்கப் பெரிதாக இருக்கும். உள்ளே நடந்தது என்னவென்றால், கப்பல் கம்பெனி அனுப்பும் மெயிலில் ஒரு கண்டெய்னர் நம்பர் இருக்கும், சரக்கின் பெயர் இருக்கும், எடை இருக்கும். அதைப் பார்த்துக் கஸ்டம்ஸ் திரையில் அடிக்க வேண்டும். அதையே கம்பெனிக் கணினியில் இன்னொரு தடவை அடிக்க வேண்டும். லாரிக்காரனுக்கு ஒரு தடவை. பில்லுக்கு ஒரு தடவை. ஒரே நம்பர், நாலு இடம். இப்படியே இருபது வருடம். விரல் நுனியெல்லாம் காய்த்து, கனவில் கூட எடை போட்டுக்கொண்டிருந்தாள் என்று அவள் புருஷன் மோகனராஜ் சொல்வார். பாயான் லெப்பாஸ் பாக்டரியில் ஷிப்டு வேலை பார்க்கிறவர். கனவு காண அவருக்கு நேரம் கிடைத்ததில்லை என்பதால் கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கலாம்.

போன வருடம் ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதிலேயே, யாரும் தொடாமல், ஒரு மென்பொருள் கிடந்தது. நாம் செய்கிற வேலையை ஒரு தடவை செய்து காட்டினால் போதும். இந்த மெயிலைத் திற, இந்த நம்பரை எடு, அந்தக் கட்டத்தில் போடு, இந்தப் பொத்தானை அமுக்கு என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு, பிறகு அதுவே செய்துகொண்டே இருக்கும். கை கால் இல்லாத ரோபோட்டு. ஜெயலெட்சுமி வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். மூன்று மாதம் அதனோடு மல்லுக்கட்டினாள். எடையைப் பெயர் இருக்கும் இடத்தில் போட்டது, பெயரைத் தேதி இருக்கும் இடத்தில் போட்டது; வைதாள், திருத்தினாள், மறுபடியும் வைதாள். ஒரு நாள் அது தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடியது. அன்றைக்கே அதற்கு 'மருமகள்' என்று பெயர் வைத்தாள்.

"நமக்கு மகன் இல்ல. வேற எப்படி வரும் மருமகள்?" என்று குணாளனிடம் சொன்னாள். குணாளன் பக்கத்து மேசை. அவனுக்கும் அதே வேலை, வேறு கப்பல்கள். "சொன்னதச் செய்யுது. எதுத்துப் பேசல. சந்தேகம் வந்தா மட்டும் டிங்குன்னு மணி அடிச்சுக் கூப்புடுது. இந்த மாதிரி ஒண்ணு யாருக்கு அமையும் சொல்லு?"

மருமகளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். அவள் வேலை செய்யும்போது யாரும் சுட்டெலியைத் தொடக்கூடாது. தொட்டால் தடுமாறிப்போய்க் கண்ட இடத்தில் கண்டதை எழுதிவிடுவாள். அதனால் ஜெயலெட்சுமி மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அம்பு தானாக ஓடியது, எழுத்து தானாக விழுந்தது. டிங் என்றால் மட்டும் குனிந்து பார்த்துச் சரி செய்தாள். சாப்பாட்டு வேளைக்குள் அன்றைய வேலை மொத்தமும் முடிந்தது. மத்தியானத்துக்கு மேல் வருகிற மெயிலை அந்த ஆபீஸில் எந்தக் காலத்திலும் மறுநாள் காலைக்குத்தான் எடுப்பார்கள். ஆக, செய்வதற்கு ஒன்றும் இல்லை.

முதல் வாரம் உட்கார்ந்து பார்த்தாள். ஆறு மணி வரை மேசையைத் துடைத்தாள். பேனாக்களை உயரப்படி அடுக்கினாள். பொய்யாக விசைப்பலகையைத் தட்டிக் கூடப் பார்த்தாள். பிறகு ஒரு நாள், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, தன்னையறியாமல் கைப்பையையும் மாட்டிக்கொண்டாள். முதலாளி அறைக்குப் போய், "வேலை முடிஞ்சிருச்சு மொதலாளி, நான் கெளம்புறேன்" என்றாள்.

நூர் முகம்மதுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் எல்லார் வீட்டுக்கும் பலகாரம் போகும். காலையில் எல்லாரும் பசியாறிவிட்டார்களா என்று கேட்காமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா விளக்கையும் தன் கையாலேயே அணைப்பார். அது வரைக்கும் எல்லாரும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

"தலவலியா மா?" என்றார்.

"இல்ல மொதலாளி. முடிஞ்சிருச்சு."

"சரி சரி, போய் ரெஸ்ட் எடு."

அவர் 'முடியவில்லை' என்று எடுத்துக்கொண்டார் போலும். மறுநாளும் அவள் போனாள். அதற்கு மறுநாளும். அந்த வாரக் கடைசியில் அவருக்கே ஏதோ உறுத்தியது.

"ஜெயா, வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையா? மாமியாருக்கு முடியலயா? சொல்லு மா, நான் என்ன வேணான்னா சொல்லப் போறேன்?"

"மாமியார் நல்லா இருக்காங்க மொதலாளி. பட்டவர்த்துல டான்ஸ் கிளாஸ் போறாங்க."

"பின்ன எங்க போற?"

"வீட்டுக்கு."

"வீட்டுல என்ன வேல?"

"ஒரு வேலயும் இல்ல."

நூர் முகம்மது மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து, பார்த்து, மறுபடியும் வைத்தார். வேலை செய்யாமல் ஓடிப்போகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். வேலையை முடித்துவிட்டு, நேரே வந்து சொல்லிவிட்டு, ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்காக வீட்டுக்குப் போகிறவளை என்ன செய்வது என்று அவருடைய வாப்பா அவருக்குச் சொல்லித்தரவில்லை.

அவருடைய மகன் சாஹித்துக்குத் தெரிந்திருந்தது. கோலாலம்பூரில் பிசினஸ் படித்துவிட்டு வந்த பையன். ஒரு காலையில் ஜெயலெட்சுமியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டிருந்தவளையும் தானாக ஓடிய திரையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்துப் பக்கத்து மேசைக் குணாளன் தன் விசைப்பலகையை இன்னும் பலமாகத் தட்ட ஆரம்பித்தான்.

"அக்கா! வெரி குட் லா! இத நீங்களே செஞ்சீங்களா? நான் வெளிய ஆள் வெச்சுச் செய்யலாம்னு இருந்தேன்."

"நானேதான் தம்பி."

"சூப்பர். அப்ப மத்தியானத்துக்கு மேல குணாளன் பைலையும் நீங்களே எடுத்துக்கலாம். அப்புறம் செபராங் ஜெயா பிராஞ்சு வேலையும் இதுலயே ஓட்டிரலாம். டைம் ப்ரீயாத்தானே இருக்கு?"

"டைம் ப்ரீ இல்ல தம்பி. அது என்னோடது."

சாஹித் சிரித்தான். நகைச்சுவை என்று நினைத்திருப்பான். "அக்கா, ரோபோட் கம்பெனி கம்ப்யூட்டர்ல ஓடுது."

"ஓடட்டும். கம்பெனி வேலயத்தானே செய்யுது. ஒரு நாளாவது பாக்கி வெச்சுட்டுப் போனேனா? கேட்டுப் பாருங்க."

"பாக்கி இல்ல. ஆனா காண்ட்ராக்ட்ல ஆறு மணி."

"அந்தக் காண்ட்ராக்ட் போட்டப்ப எனக்கு மருமகள் இல்ல தம்பி."

சாஹித்துக்கு மருமகள் யாரென்று புரியவில்லை. ஆனால் இவள் கேலி செய்கிறாள் என்பது புரிந்தது. அந்த வாரமே ஒரு கடிதம் கொடுத்தான். ஷோ காஸ் லெட்டர். நேரத்துக்கு முன்பே வேலையிடத்தை விட்டுப் போவதற்கு என்ன காரணம், எழுத்தில் விளக்கவும். திருப்திகரமான காரணம் இல்லையென்றால் வேலை நீக்கம் வரை போகலாம்.

அன்று சாயங்காலம் மோகனராஜ் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். பொறுமையான மனிதர். "முட்டி வலின்னு எழுதிரு," என்றார். "கிளினிக்குல சொன்னா எம்சி குடுப்பாங்க. இல்லன்னா அம்மாவுக்குச் சக்கரைன்னு எழுது."

"ஒங்கம்மாவுக்குச் சக்கரை இல்லயே."

"இல்லன்னா என்ன, எழுதினா வந்துருமா? ஒரு காரணம் லா, ஜெயா. ஒரே ஒரு காரணம். அவங்களுக்கும் மனசு ஆறிரும், நமக்கும் சம்பளம் வரும். நீ பாட்டுக்குப் படுத்துக்க."

ஜெயலெட்சுமி யோசிக்காமல் இல்லை. அவளுக்கு ஒன்றும் சம்பளம் வேண்டாத நிலைமை கிடையாது. மகள் ஈப்போவில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், முதல் சில நாட்கள் அவளே காரணம் தேடித்தான் பார்த்தாள். தையல் கற்றுக்கொள்ளலாமா, கேக் செய்து விற்கலாமா, கோயிலில் பூக்கட்டலாமா. எதை நினைத்தாலும் அதற்கு ஒரு ஆறு மணி இருந்தது. கடைசியில் அலுத்துப்போய்த் தரையில் படுத்தாள். சிமெண்டுத் தரை முதுகில் சில்லென்று ஏறியது. காற்றாடி ஒரு பக்கமாகத் தலையை ஆட்டிச் சுற்றுவதை இருபது வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தாள். ஐஸ்கிரீம்காரன் மணி கீழே கேட்டது, நின்றது, மறுபடியும் தூரத்தில் கேட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. எழுந்திருக்கத் தோன்றாததற்காக வெட்கப்படவும் தோன்றவில்லை. கதவை ஏன் திறந்து வைத்தாள் என்றால், காற்றுக்குத்தான். அப்புறம், சாத்தினால் ஒளிந்துகொண்டது போல ஆகிவிடும் என்பதற்காகவும்.

முட்டி வலி என்று எழுதினால் அந்த மத்தியானம் முட்டிக்குச் சொந்தமாகிவிடும். மாமியாருக்கு என்று எழுதினால் மாமியாருக்கு. பேனாவை எடுத்து ஒரே வரி எழுதினாள்: 'வேலை முடிந்துவிட்டது, அதனால் போகிறேன், வேறு காரணம் இல்லை.' கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

இதற்கிடையில் குமுதா சும்மா இருப்பாளா? ஞாயிற்றுக்கிழமை பசாரில் குணாளனைப் பிடித்துக்கொண்டாள். கத்தரிக்காய்க் கூடைக்கு மேலேயே விசாரணை நடந்தது.

"என்ன தம்பி, ஒங்க ஆபீஸு அக்காவுக்கு என்ன சீக்கு? பகலெல்லாம் வெறுந்தரையில கெடக்குறாங்க. தலகாணி கூட இல்ல. கண்ணு தொறந்தே இருக்கு. கேட்டா சும்மாங்குறாங்க. எங்கயாச்சும் சும்மா யாராவது படுப்பாங்களா?"

குணாளன் அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல், திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் சொன்னான். நூர் முகம்மதுக்கு எல்லாம் விளங்கிவிட்டது! ஐயோ பாவம், பெரிய வியாதி. வாயைத் திறந்து சொல்ல மனமில்லாத வைராக்கியக்காரி. இது தெரியாமல் மகன் லெட்டர் வேறு கொடுத்துவிட்டான். அவள் எழுதியிருந்த ஒற்றை வரியை மறுபடியும் எடுத்துப் படித்தபோது, 'வேலை முடிந்துவிட்டது' என்ற சொற்களில் மரணப்படுக்கையே தெரிந்தது அவருக்கு.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது உடம்பு முடியாமல் படுத்தால், முதலாளி மனைவியோடு வீட்டுக்கே வந்து பார்ப்பார். ஒரு கூடை ஆப்பிள், ஒரு பெரிய மைலோ மாவு டின். அவருடைய வாப்பா காலத்திலிருந்து நடப்பது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடுக்குமாடிக்குக் கீழே அவருடைய காடி, அந்த வெள்ளைக் கார், வந்து நின்றது. மைலோ டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நூர் முகம்மதுவும், ஆப்பிள் கூடையோடு அவர் மனைவி நூர்ஜானும் லிப்டில் ஏறும்போதே குமுதாவும் ஏறிக்கொண்டாள். வழி காட்ட வேண்டாமா?

ஜெயலெட்சுமி வழக்கமான இடத்தில் வழக்கம்போலப் படுத்திருந்தாள். கம்பிக்கு வெளியே முதலாளியின் செருப்பைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். சேலையைச் சரி செய்துகொண்டு பூட்டைத் திறந்தாள்.

"படு மா, படு! எழுந்திரிக்காத!" என்று பதறினார் நூர் முகம்மது. "எத்தன நாளா இப்பிடி? டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டரு மொதலாளி?"

"மறைக்காத மா. எல்லாம் தெரியும். ஜெனரல் ஆஸ்பத்திரியில எனக்கு ஆள் இருக்கு."

"எனக்கு ஒண்ணுமில்ல. வாங்க, உட்காருங்க. தேத்தண்ணி போடட்டுமா அக்கா?" என்று நூர்ஜானைப் பார்த்துக் கேட்டாள்.

நூர்ஜான் கூடத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். காற்றாடியைப் பார்த்தாள்.

இதற்குள் நடைபாதையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூன்றாம் மாடியிலிருந்து கூட இரண்டு பேர் துணி காயப்போடுவதற்காக வந்திருந்தார்கள், கையில் துணி இல்லாமல்.

"அவங்களுக்கு ரத்தம் கம்மி மொதலாளி," என்றாள் குமுதா கம்பிக்கு வெளியிலிருந்து. "மூஞ்சியப் பாருங்க, வெளுத்துக் கெடக்கு."

"பவுடர் போட்டிருக்கேன் குமுதா."

நூர் முகம்மது சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். மைலோ டின் இன்னும் மடியில்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு ஜெயா. சாஹித் சின்னப் பையன், அவன் லெட்டர நான் கிழிச்சுப் போட்டுர்றேன். நீ எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஒடம்பு முடியலன்னு சொல்லு. போதும். அரைநாள் வேல, முழுச் சம்பளம், நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். எம்சி கூட வேணாம்."

நடைபாதை மூச்சைப் பிடித்துக்கொண்டது. இதைவிட நல்ல பேரம் அந்த அடுக்குமாடியில் யாருக்கும் வாய்த்ததில்லை. ஒரு சின்னப் பொய். முட்டியைப் பிடித்து 'ஐயோ' என்றால் முடிந்தது. "சொல்லிரு லா அக்கா!" என்று குமுதாவே கெஞ்சினாள்.

ஜெயலெட்சுமி அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதலாளி, இருபது வருசமா ஒரே நம்பர நாலு தடவ அடிச்சேன். ஏன் நாலு தடவ அடிக்கிறேன்னு ஒரு நாளும் நீங்க காரணம் கேட்கல. இப்ப அடிக்காம இருக்கேன். இதுக்கு மட்டும் காரணம் கேட்குறீங்க."

"அதில்ல மா..."

"எனக்கு முட்டி நல்லா இருக்கு. மாமியாருக்குச் சக்கரை இல்ல. ரத்தம் நெறைய இருக்கு. நீங்க குடுக்கிற வேலய முடிச்சிட்டு வர்றேன். வந்து படுக்குறேன். நல்லா இருக்கு, அதனால படுக்குறேன். நாளைக்குக் காலையில வருவேன், முடிச்சிட்டுப் போயிருவேன். வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, நாளைக்குக் காலையிலருந்தே படுத்துக்குறேன்."

வெளியே யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நூர் முகம்மதுவின் காது சிவந்தது. முதலாளி என்று ஒரு மரியாதை இருக்கிறதே! "அப்ப வேல செய்யறதுக்கு மட்டுந்தான் ஆபீஸா? நாங்கள்லாம் அங்க ஆறு மணி வரைக்கும் எதுக்கு உட்கார்ந்திருக்கோம்?"

"அது எனக்குத் தெரியாது மொதலாளி."

கேள்வி அவரிடமே திரும்பி வந்து மடியில், மைலோ டின்னுக்குப் பக்கத்தில், உட்கார்ந்துகொண்டது. அவர் வாயைத் திறந்தார். வேலையை விட்டு நின்றுகொள் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நடைபாதையில் எல்லாருக்கும் தெரிந்தது. ஜெயலெட்சுமிக்கும் தெரிந்தது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அந்த நேரம் பார்த்து நூர்ஜான் ஆப்பிள் கூடையைக் கீழே வைத்தாள். முக்காட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள். கையைத் தரையில் ஊன்றி, முனகிக்கொண்டே உட்கார்ந்து, அப்படியே மெதுவாகச் சாய்ந்து, காற்றாடிக்குக் கீழே மல்லாந்து படுத்துவிட்டாள்.

"நூர்ஜான்!" என்றார் நூர் முகம்மது.

"ம்."

"என்ன செய்யற?"

"சில்லுன்னு இருக்கு," என்றாள் நூர்ஜான். ஐந்து பிள்ளைகள், எட்டுப் பேரப்பிள்ளைகள், வருவோர் போவோருக்கு மூன்று வேளைச் சோறு. அவள் பகலில் படுத்து அவர் பார்த்ததே இல்லை, பிரசவம் நீங்கலாக. "நல்லாத்தான் இருக்கு ஜெயா."

"தலகாணி தரட்டுமா அக்கா?"

"வேணாம். நீங்க போங்க," என்றாள் புருஷனைப் பார்த்து. "காடியில இருங்க. நான் கொஞ்சம் இருந்துட்டு வர்றேன்."

"எதுக்கு இருக்கணும்? என்ன காரணம்?"

"இதோ, மறுபடியும்," என்றாள் நூர்ஜான், கண்ணை மூடிக்கொண்டு.

நூர் முகம்மது எழுந்து நின்றார். தரையில் இரண்டு பெண்கள்; ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், ஒருத்தி படுத்திருந்தாள். ஒருத்தியை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிடலாம். இன்னொருத்தியை எங்கே போகச் சொல்வது? கம்பிக்கு வெளியே அரை அடுக்குமாடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மைலோ டின்னை மேசைமேல் வைத்தார். வியாதி இல்லாத வீட்டில் வைத்துவிட்டுப் போவது சரியா என்று ஒரு கணம் தயங்கினார் போல. வைத்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில ரெண்டு கப்பல் பேப்பர் வருது," என்றார் சுவரைப் பார்த்து. "வந்துரு."

"வருவேன் மொதலாளி. முடிச்சிட்டுப் போயிருவேன்."

அவர் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கூட்டம் விலக, லிப்டைத் தேடிப் போனார். குமுதா இந்தத் தடவை கூடப் போகவில்லை. கம்பியைப் பிடித்தபடியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏன்கா, அந்தப் பக்கம் கொஞ்சம் எடமிருக்கா?"

"நாசி லெமாக்குக்குச் சம்பல் வதக்கணும்னு சொன்ன?"

"அது கெடக்கு லா."

ஜெயலெட்சுமி நகர்ந்து படுத்தாள். கொஞ்ச நேரத்தில் நூர்ஜானின் கைப்பைக்குள் கைப்பேசி அடித்தது. கீழே காடியிலிருந்துதான். அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு மூச்சு விட்டு மறுபடியும் அடித்தது.

"எடுக்கலயா அக்கா?"

"கைக்குக் கிட்டத்தான் இருக்கு," என்றாள் நூர்ஜான். கை நீட்டவில்லை.